தட்டச்சு உதவிக்கு நன்றி

எனக்கு டைப்பிங் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார்கள். லோயர் பாஸ் செய்தார்கள், ஹையர் பாஸ் செய்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். எனக்கும் அப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார். அதை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, இன்ஜினியரிங் சேர்ந்தேன். வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். திருநெல்வேலியில் அப்போது அதுவே அதிகம் என்றார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் ஒரு அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. முனிர்காவில் ஒரு அறை எடுத்தேன். கீழே வீட்டுக்காரரின் எருமைகள், மேலே நான். இரண்டு வருடம் ப்ரொபேஷன். அது முடியும்போது மேலதிகாரி என்னைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுதினால் வேலை நிரந்தரம், எழுதாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டியதுதான். ஊரில் அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இன்னும் அதே மாடியில்தான் இருந்தது.

அந்த மேலதிகாரியும் தமிழர். கும்பகோணம் பக்கத்துக்காரர், கோல் மார்க்கெட் அருகே அரசு குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். எப்போதும் சாம்பல் நிற சஃபாரி சூட், பையில் இரண்டு பேனா. முதல் நாளே காபி வரவழைத்துக் கொடுத்து, நம்ம ஊர்ப் பெண், எதற்கும் பயப்படாதே என்றார். நான் அப்படியே உருகிப் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, யமுனையின் நீர்மட்டத்தைப் பாலத்திலிருந்தே அளந்து சொல்லும் ஒரு பெட்டி. தண்ணீரில் ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது பெட்டிக்குள் மின்சாரம் கூடும், குறையும். அதை மைக்ரோபிராசஸர் எண்ணாக மாற்றிச் சென்டிமீட்டரில் காட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஆறு சும்மா இருக்காது. காற்றடித்தால் அலை, படகு போனால் அலை. மிதவை குதிக்கும், எண்ணும் கூடவே குதிக்கும். நூற்றுப்பத்து என்று எழுதுவதற்குள் நூற்றிருபது ஆகிவிடும். மெதுவாக மாறும் வெள்ளத்தை உள்ளே விட்டு, வேகமாகத் துள்ளும் அலையை வெளியே நிறுத்துகிற ஒரு கணக்கு தேவைப்பட்டது. அதற்குப் பெயர் லோ-பாஸ் ஃபில்டர். காப்பியை வடிகட்டுவது போலத்தான், துணிக்குப் பதிலாக எண்களால் வடிகட்டுவது.

எங்கள் மைக்ரோபிராசஸருக்குப் பெருக்கவும் தெரியாது, வகுக்கவும் தெரியாது. கூட்டும், கழிக்கும், எண்ணை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தும். ஒரு முறை நகர்த்தினால் பாதி, நான்கு முறை நகர்த்தினால் பதினாறில் ஒன்று. எனவே மிக எளிய ஒன்றாக எழுதினேன். பழைய விடையில் பதினைந்து பங்கு, புதிய அளவில் ஒரு பங்கு, கூட்டிப் பதினாறால் வகுத்தால் புதிய விடை. ஒரு அலை வந்து எவ்வளவு குதித்தாலும் அதற்குப் பதினாறில் ஒரு பங்கு மரியாதைதான். அலையாக வந்தது போய்விடும், உண்மையான ஏற்றம் மெல்ல மெல்ல உள்ளே வரும். சுவிட்சைப் போட்டதும் முதல் அளவை மட்டும் வடிகட்டாமல் அப்படியே எடுத்துக்கொள்ளச் செய்திருந்தேன், அதனால் தொடக்கம் எப்போதும் சரியாக இருக்கும். மொத்தம் ஒரு பக்கத்துக்கும் குறைவான நிரல். அது ஓடிய அன்று அறையில் எருமைகளுக்குக் கேட்கும்படி பாடினேன்.

சோதனைக்கு ஆய்வுக்கூடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு பெரிய டிரம் இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடிக் குழாயும் அளவுகோலும் பொருத்தியிருந்தோம். டெல்லியில் குழாயில் தண்ணீர் வருவது விடிகாலையில்தான். எட்டு மணிக்கு மேல் திறந்தால் காற்றுதான் வரும். ஆகவே எங்கள் அட்டெண்டர், இமயமலைப் பக்கம் கட்வாலிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரர், சீக்கிரமே வந்து டிரம்மை விளிம்புவரை நிரப்பி வைப்பார். பத்து மணிக்கு நாங்கள் வந்து அடிக்குழாயைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, எண்ணைப் பார்ப்போம். அவர் உள்ளங்கையால் தண்ணீரை அடித்து அலை எழுப்புவார். எண் அசையாது, மட்டத்தோடு மட்டும் இறங்கும். மூன்று மாதம் எல்லாச் சோதனையும் இப்படியே நடந்தது. தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளத்தை அளக்கிற பெட்டியை, வடிகிற தண்ணீரிலேயே சோதித்துக்கொண்டிருந்தோம்.

தங்கை கல்யாணத்துக்காக மூன்று வாரம் லீவு கேட்டிருந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் தண்ணீரே வரவில்லை. மதியம் டேங்கர் வந்த பிறகு அட்டெண்டர் வாளி வாளியாகத் தூக்கி வந்து, பாதி காலியாக இருந்த டிரம்மில் ஊற்றினார். நான் யதேச்சையாக எண்ணைப் பார்த்தேன். குழாயில் எழுபது, பெட்டியில் அறுபத்தைந்து. மிதவை சிக்கிக்கொண்டதோ என்று தட்டினேன். வயரைப் பிடித்து ஆட்டினேன். பிறகு காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். தப்பு என் கணக்கில். பதினாறால் வகுக்கும்போது வரும் மீதியை நான் ஒவ்வொரு முறையும் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். சென்டிமீட்டராக மாற்றும் முன் பெட்டிக்குள் ஓடும் எண்ணில் பழைய விடை நூறு, புதிய அளவு நூற்றுப்பதினைந்து என்றால் வகுத்து வருவது நூறும் ஒன்றுக்குக் குறைந்த சொச்சமும். சொச்சம் போய் மறுபடியும் நூறு. எத்தனை முறை செய்தாலும் நூறு. இறங்கும்போது எறிகிற சொச்சம் கீழ்ப்பக்கமே தள்ளும், அதனால் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஏறும்போதுதான் பெட்டி பாதியில் உட்கார்ந்துகொள்ளும். டிரம்மில் அது இரண்டு அங்குலம். பாலத்தில் மிதவை ஏறி இறங்கும் உயரம் அதிகம், அங்கே அது கிட்டத்தட்ட ஒரு அடி.

திருத்துவது சிரமமாக இல்லை. மீதியை எறியாமல் வைத்திருந்து அடுத்த கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் இரண்டாவது நோட்டில் எழுதி, புதிய சிப்பில் ஏற்றி, வாளியால் ஊற்றிப் பார்த்தேன். எழுபதுக்கு எழுபது. சொல்லலாம் என்று போனால் அதிகாரி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பழைய கணக்கு இருந்த முதல் நோட்டை, டைரக்டருக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும் என்று அன்று காலையிலேயே என்னிடம் வாங்கி வைத்திருந்தார். சரி, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பழைய சிப்பைத் திரும்ப மாட்டிவிட்டு, புதியதை சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

திரும்பி வந்தபோது என் மேசையில் அறிக்கை கிடந்தது. பச்சை அட்டை, அழகான பைண்டிங். உள்ளே என் கணக்கு, என் படங்கள், படத்தின் ஓரத்தில் நான் கிறுக்கிய அம்புக்குறி உட்பட. முகப்பில் ஒரே பெயர், அவருடையது. என் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இருந்தது. கடைசிப் பக்கத்தில், பெயிண்டருக்கும் தச்சருக்கும் பிறகு, தட்டச்சு உதவிக்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. காதெல்லாம் சூடானது. கிரெடிட்டே கொடுக்காமல் விட்டிருந்தால்கூடச் சகித்திருப்பேன் என்று நினைக்கிறேன். நான் இரண்டு நாள் பட்டினி கிடந்து எதிலிருந்து தப்பித்து ஓடி வந்தேனோ, சரியாக அதில் கொண்டுபோய் என்னை உட்கார வைத்திருந்தார் மனிதர். அறிக்கையோடு அவர் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உன் பேரும் போட்டிருக்கேன், பாத்தியாம்மா? ப்ரொபேஷன் முடியற வரைக்கும் கொஞ்சம் அடக்கமா இரு. எல்லாம் தானா வரும்."

பார்த்தேன் சார் என்றேன். கைப்பையில் இருந்த சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அறிக்கையைப் புரட்டிய முதல் நிமிடமே தெரிந்துவிட்டது, அவர் எடுத்தது முதல் நோட்டை. பெட்டியில் இருந்ததும் பழைய சிப்தான். திருடுகிறவர் படித்தாவது திருடியிருக்கலாம்.

மழைக்காலம் தொடங்கும் முன் வெள்ளத் தடுப்புத் துறையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து பெட்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களை நினைத்துத்தான் நான் அதைச் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். பொய். அந்தத் தவறான பெட்டி பாலத்துக்குப் போகக்கூடாது என்பது உண்மை, ஆனால் அதற்கு நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு அவர் நாலு பேர் முன்னால் முழிக்க வேண்டும். யமுனை என்று ஒரு ஆறே இல்லாமல் இருந்திருந்தாலும் நான் இதையேதான் செய்திருப்பேன்.

முந்தின நாள் அட்டெண்டரிடம், நாளைக்கு டிரம்மைப் பாதிதான் நிரப்ப வேண்டும், மீதியை வாளிகளில் பிடித்து வையுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். நாளைக்குத் தண்ணீர் ஏறுவதைக் காட்டப் போகிறோம் என்றேன். அச்சா மேடம்ஜி என்று தலையாட்டினார். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை.

குழுவின் தலைவர் உயரமான ஒரு சர்தார்ஜி, வெள்ளைத் தாடி, ஆற்றிலேயே முப்பது வருடம் கழித்த பொறியாளர். என் அதிகாரி பாதி டிரம்மைப் பார்த்ததும் முகம் சுருங்கி என்னைப் பார்த்தார். காலையில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று கூசாமல் சொன்னேன். சர்தார்ஜி, அதுவும் நல்லதுதான், எங்கள் ஆறு ஏறும்போதுதான் எங்களுக்குப் பயம் என்று சிரித்தார். அட்டெண்டர் இரண்டு வாளி ஊற்றினார். கண்ணாடிக் குழாயில் ஐம்பது. பெட்டியில் நாற்பத்தைந்து.

எல்லோரும் காத்திருந்தார்கள். எண் நகரவில்லை. அதிகாரி பெட்டியைத் தட்டினார், பின்னால் போய் வயரை அழுத்தினார், பிறகு எல்லோரும் செய்வதையே செய்தார், சுவிட்சை அணைத்துப் போட்டார். ஐம்பது வந்தது. லூஸ் கனெக்‌ஷன் என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சர்தார்ஜியும் தலையாட்டிவிட்டு எழுந்துகொள்ளப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் என் அதிகாரி தப்பித்திருப்பார்.

"இன்னும் ஒரு வாளி ஊற்றிப் பார்க்கலாமா சார்?" என்றேன் ஆங்கிலத்தில்.

ஊற்றினார்கள். ஐம்பத்தைந்து ஆக வேண்டியது ஐம்பதிலேயே நின்றது. மறுபடி சுவிட்ச், ஐம்பத்தைந்து. மறுபடி வாளி, மறுபடி நின்றது. ஆற்றுக்கு சுவிட்ச் கிடையாதே என்று சர்தார்ஜி மெதுவாகச் சொல்லிவிட்டு நோட்டை மூடினார். மழைக்காலம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். தேநீரைக்கூடக் குடிக்கவில்லை.

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்குமுன் அதிகாரி என்னிடம் திரும்பினார். முதல் முறையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

"என்னம்மா இது? நீதானே எழுதின?"

"நான் டைப்பிங்தானே சார்."

அந்த வாக்கியத்தை மூன்று வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னதும் வெல்லக்கட்டி மாதிரி இனித்தது. பஸ்ஸில் முனிர்கா வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. அட்டெண்டருக்கு மெமோ கொடுத்தார். கடமையில் அலட்சியம், டிரம்மை நிரப்பாமல் விட்டது, விருந்தினர் முன் நிறுவனத்துக்கு அவமானம். அன்றே அவரை நகரத்துக்கு வெளியே இருந்த ஸ்டோர் கிடங்குக்கு மாற்றி அனுப்பிவிட்டார். போகும் முன் அட்டெண்டர் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் அந்தக் காகிதம், படிக்கத் தெரியாமல் மடித்து வைத்திருந்தார்.

"மேடம்ஜி, ஆதா பர்னேகோ தோ ஆப் ஹீ போலீ தீ."

பாதி நிரப்பச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டார். கோபம் இல்லை, சந்தேகம் தீர்த்துக்கொள்வது போலக் கேட்டார். ஆமாம் என்றேன். முந்தின நாள் இனித்தது அத்தனையும் கசந்து போயிற்று. நான் கணக்கில் எறிந்த சொச்சத்தைத் திருத்தத் தெரிந்தவள், இந்த மனிதரை என் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அன்று மதியம் டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். டிரம்மைப் பாதி நிரப்பச் சொன்னது நான், தண்ணீர் வரவில்லை என்று பொய் சொன்னது நான், அட்டெண்டர் மீது குற்றம் இல்லை. ப்ரொபேஷன் முடிய நான்கு மாதம் இருந்தது. கையெழுத்துப் போடும்போது அப்பா வாங்கி வந்த அந்த விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. போட்டுவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு டைரக்டர் அழைத்தார். குள்ளமான மனிதர், வங்காளி, எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். என் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மூன்று டைப்பிஸ்டுகள் இருக்கிற அலுவலகத்தில் டைரக்டருக்குக் கையால் கடிதம் எழுதுவது என்ன பழக்கம், நீயே ஒரு மெஷினில் அடித்திருக்கலாமே என்றார்.

"எனக்கு டைப்பிங் தெரியாது சார்" என்றேன்.

அவமதிக்க நினைத்துச் சொன்னதல்ல. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஆனால் அவர் மேசையில் அந்தப் பச்சை அட்டை இருந்தது. குழு திரும்பிப் போன காரணத்தைத் தெரிந்துகொள்ள அதை அவர் படித்துக்கொண்டிருந்தார் போலும். என்னைப் பார்த்தார். அறிக்கையை எடுத்து, கடைசிப் பக்கத்துக்குப் போனார். வாசித்தார். அப்படியென்றால் இதில் நீ என்ன செய்தாய் என்று கேட்டார். ஃபில்டர் என்றேன். அது ஏன் ஏறவில்லை என்றார். ஏறுகிற ஃபில்டர் என் பையில் இருக்கிறது என்று வெள்ளித்தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.

அடுத்து நடந்த நிர்வாக விஷயங்களை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அட்டெண்டர் அந்த வாரமே திரும்பி வந்தார். பொய் சொன்னதற்காக என் ப்ரொபேஷனை ஒரு வருடம் நீட்டினார்கள், நியாயம்தான். அறிக்கை புதிதாக அச்சானது, முகப்பில் இரண்டு பெயர், முதல் பெயர் அதிகாரியுடையதே. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பெட்டி பாலத்துக்குப் போனது, ஏறும் தண்ணீரை ஏறுகிறபடியே காட்டியது. ஆனால் இவை எதுவும் எனக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. எனக்கு வேண்டியது அன்று மூன்றரை மணிக்கே கிடைத்துவிட்டது.

டைரக்டர் என்னையும் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு வந்தார். நான் சிப்பை மாற்றினேன். டிரம்மைக் குழு போன அன்றே நாற்பதுக்கு வடித்திருந்தோம். ஊற்றிக் காட்டுங்கள் என்றார். வாளிகள் காலி. குழாயில் காற்று. கீழே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கைப்பம்ப்பில் மட்டும் தண்ணீர் உண்டு. அட்டெண்டர் எங்கே என்று டைரக்டர் கேட்டார். ஸ்டோருக்கு மாற்றியாயிற்று சார் என்றார் அதிகாரி. யார் மாற்றியது என்றார் டைரக்டர். நான்தான் சார். அப்படியானால் இப்போது தண்ணீர் யார் கொண்டுவருவது?

அறையில் மூன்று பேர் இருந்தோம். என் கை தானாக வாளியை நோக்கிப் போனது, பிறந்ததிலிருந்து பழகிய கை. கையை இழுத்துக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஜூன் மாத டெல்லி வெயில். கைப்பம்ப் கிறீச்சிடும் சத்தம் மேலே கேட்டது. முதல் நடை ஏறி வந்தபோது சஃபாரி சூட்டின் ஒரு பக்கம் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஊற்றினார். குழாயில் நாற்பத்தைந்து, பெட்டியில் நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று, நாற்பத்தைந்து. இரண்டாவது நடை, ஐம்பது, ஐம்பது. மூன்றாவது நடைக்கு மூச்சு வாங்கியது, பையில் இருந்த பேனா ஒன்று டிரம்மில் விழுந்தது. ஐம்பத்தைந்துக்கு ஐம்பத்தைந்து. டைரக்டர் போதும் என்கிற மாதிரி தலையை அசைத்தார். ஃபில்டர் சரி என்பது முதல் வாளியிலேயே எனக்குத் தெரியும்.

நான் எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"இன்னும் ஒரு வாளி வேணும் சார்."